பெற்ற வீட்டுக் கதவைத் தட்டலாமா?

கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் சீனக் குடும்பங்களில் பிறந்த பெண் குழந்தைகள் பலர் இந்தியக் குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டார்கள். வறுமை, அடுத்தடுத்துப் பிறந்த பெண்கள், ஆண் வாரிசின் மேல் ஆசை, குழந்தை பிறந்த ஆண்டு குடும்பத்துக்கு ஆகாது என்ற சோதிட நம்பிக்கை எனக் காரணங்கள் பல. எடுத்து வளர்த்தவர்களில் தமிழர்கள் ஏராளம். தமிழ் பேசி, பொட்டு வைத்து, சேலை கட்டி, தமிழ்க் குடும்பங்களிலேயே வாழ்க்கைப்பட்ட அந்தப் பெண்களில் பலர் இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போது வேர்களைத் தேடுகிறார்கள். தேடல் பலித்தால், அதே சிங்கப்பூர்த் தீவில் நாலைந்து எம்ஆர்டி ரயில் நிலையங்கள் தள்ளி ரத்த உறவு உயிரோடு இருக்கக்கூடும். அந்த வீட்டுக்குப் போய் "நாங்கள் உங்கள் சொந்தம்" என்று சொல்லும் உரிமை தேடியவருக்கு உண்டா?

குழந்தைகள் கைமாறிய விதத்திலேயே சிக்கல் தொடங்குகிறது. பெரும்பாலும் மருத்துவச்சியோ அக்கம்பக்கத்தாரோ இடையில் நின்றார்கள். லிட்டில் இந்தியாவை ஒட்டியிருந்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966-ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்து, அது உலக சாதனையாகப் பதிவானது. அங்கே பிறந்த குழந்தைக்குத் தாளில் ஒரு தடமாவது இருக்கும். வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்த குழந்தைக்கு அதுவும் நிச்சயமில்லை. சிங்கப்பூரில் தத்தெடுப்புச் சட்டம் 1939-லேயே வந்துவிட்டது. ஆனாலும் நீதிமன்றப் படியேறாமல் கைமாறிய குழந்தைகள் உண்டு. வளர்த்தவர்களையே பெற்றவர்களாகக் காட்டும் பிறப்புப் பத்திரங்களும் உண்டு. முறைப்படி தத்தெடுக்கப்பட்டவர்களுக்கும், தத்துப் பதிவையும் பிறப்புப் பதிவையும் இணைக்கும் ஏடு பொதுப் பார்வைக்குத் திறந்திருக்கவில்லை. ஆகவே தேடுவோர் கையில் மிஞ்சுவது வளர்த்த தாய் எப்போதோ சொன்ன ஒரு தெருப் பெயர். அல்லது, அண்மைக் காலத்தில், எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பும் மரபணுப் பரிசோதனை.

தன் பிறப்பை அறியும் உரிமை வலுவானது. தத்துக் கொடுக்கப்பட்டவர் பதினெட்டு வயதானதும் தம் மூலப் பிறப்புப் பதிவைப் பெறலாம் என்று இங்கிலாந்து 1975-இல் சட்டம் செய்தது. இயன்றவரை தன் பெற்றோரை அறியும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை. சிங்கப்பூர் அதில் 1995-இல் இணைந்தது. சட்டத்தை விட அன்றாட வாழ்க்கையே இதை நன்றாக உணர்த்தும். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்ததா என்று மருத்துவர் கேட்கும்போது தத்துக் கொடுக்கப்பட்ட பெண்ணிடம் பதில் இல்லை. தேக்கா சந்தையில் சீன முகம் சரளமாகத் தமிழ் பேசுவதைக் கண்டு வியப்பவர் ஒவ்வொருவரும், விடை தெரியாத அதே கேள்வியைத்தான் மறுபடி அவர்முன் வைக்கிறார்கள். தேடுவது வளர்த்தவர்களுக்குச் செய்யும் துரோகம் என்பது இதற்கெதிராக வழக்கமாகச் சொல்லப்படும் வாதம். அது நிற்காது. பாலூட்டிச் சீராட்டி வளர்த்த பாசம் ஒரு பெயர் தெரிந்துவிட்டதால் கரைந்துபோவதில்லை.

ஆனால் அந்த உரிமை முதலில் யாருடையது? பெரும்பாலும் தேடுவது பேரன், கேள்வியோ பாட்டியுடையது. சில மூதாட்டிகள் தெளிவாகவே "வேண்டாம்" என்கிறார்கள். பேரனின் எச்சிலில் பாட்டியின் மரபும் இருப்பதால், அவர் சம்மதிக்காமலே பரிசோதனை அவருடைய கதையைத் திறந்துவிடும். அவர் உயிரோடு இருக்கும்வரை அவர் சொல்லே முன்னிற்க வேண்டும். பேரனின் ஆவல் காத்திருக்கலாம்.

மறுபக்கத்தில் இருப்பவர் கொடுத்த தாய். கொடுக்கும் முடிவை எடுத்தவர் அவராக இல்லாமலும் இருக்கலாம். அதன்பின் பிறந்த பிள்ளைகளிடம் அவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வாழ்ந்திருக்கலாம். பிறப்பு என்ற உண்மை இருவருக்கும் பொது. அதை அறிய மகளுக்கு அவர் அனுமதி தேவையில்லை. உறவு அப்படியல்ல, அதற்கு இரண்டு சம்மதம் வேண்டும். தேடலில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, உண்மை கிடைத்ததும் உறவும் கிடைத்துவிட்டதாக எண்ணுவதால் வருபவை.

சம்மதம் கேட்காத ரத்த உரிமை எதுவரை போகும் என்பதைச் சிங்கப்பூர் 1950-இல் கண்டது. ஜாவாவில் டச்சுக் குடும்பத்தில் பிறந்த மரியா ஹெர்டோக் 1942-இல் அமினா என்ற பெண்மணியிடம் வந்து, முஸ்லிமாக வளர்ந்தாள். 1949-இல் மலாயாவில், திரங்கானுவின் கெமாமானில் அவள் இருப்பது தெரிந்ததும் பெற்றோர் உரிமை கோரினர். வளர்த்த தாயிடமே இருப்பேன் என்றாள் அந்தப் பதின்மூன்று வயதுப் பெண். சிங்கப்பூர் நீதிமன்றம் அவளைப் பெற்ற தாயிடம் ஒப்படைத்தது. டிசம்பரில் வெடித்த கலவரத்தில் 18 பேர் மாண்டனர், 173 பேர் காயமுற்றனர். இரண்டாம் உலகப் போரில் பிள்ளையைப் பிரிந்த பெற்றோரின் தவிப்பு பொய்யல்ல. இருந்தும் சம்பந்தப்பட்டவளின் விருப்பம்தான் அந்த வழக்கில் எல்லாவற்றுக்கும் பின்னால் தள்ளப்பட்டது.

கடல் தாண்டிய தேடல்களில் இன்னொரு வகை இரட்டைக் குடும்பம். 1931-இல் சிங்கப்பூர் இந்தியர்களில் ஒரு பெண்ணுக்கு ஐந்து ஆண்கள் என்ற நிலை. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களில் சிலர் ஊரில் ஒரு மனைவியும் இங்கே ஒரு மனைவியுமாக வாழ்ந்தார்கள். முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருதார மணத்தைக் கட்டாயமாக்கிய மாதர் சாசனம் 1961-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய வீடுகளை இன்றைய அளவுகோலால் அளப்பது நியாயமல்ல. தஞ்சைப் பக்கத்துக் கிராமத்துக்குத் திடீரென வந்திறங்கும் சிங்கப்பூர்ப் பேரனைக் கண்டதும் பூர்வீகச் சொத்தில் பங்கு கேட்க வந்தவனோ என்று அஞ்சுவார்கள். அந்த அச்சத்தை முதல் பேச்சிலேயே தீர்த்துவைப்பது வந்தவரின் கடமை.

அணுகும் முறையிலேயே அறத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. பழைய படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு ஆள் தேடுவதும், மரண வீட்டில் போய் நின்று அறிவிப்பதும், மற்றவர் ரகசியத்தைப் பலர் முன்னே உடைப்பவை. தகுந்தது ஒரு மடல். அது தாயின் பெயருக்கு மட்டும், அவர் படிக்கும் சீனத்தில், அல்லது அவர் நம்பும் ஒருவர் கைவழியாகப் போக வேண்டும். யார், என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பது சில வரிகளில் இருந்தால் போதும். பதில் வராவிட்டால் மீண்டும் எழுதக் கூடாது. பரம்பரை நோய் ஒன்று உறுதியாகி, மறுபக்கத்தாரும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தால் மட்டும் இது மாறும். தாய் காலமாகி உடன்பிறந்தார் மட்டும் இருந்தால் தயக்கம் குறையலாம். காத்த ரகசியம் தாயுடையது, அவர்களுடையதல்ல.

கண்டுபிடிக்கப்பட்டவருக்கும் ஒரு கடன் உண்டு. விருந்துக்கு அழைக்கவோ, அக்கா என்று ஏற்கவோ அவரை யாரும் வற்புறுத்த முடியாது. ஆனால் பெற்றோரின் பெயர், பிறந்த நாள், கொடுத்ததற்கான காரணம், குடும்பத்தில் உள்ள நோய்கள் ஆகியவற்றைக் கேட்டால், கதவைத் திறக்காமலேகூட ஒரு தாளில் எழுதி அனுப்பலாம். அதையும் மறுக்க அவருக்கு நியாயம் இல்லை.