காலடியில் மறையும் மலை

மலையே இறைவனின் திருமேனி என்று கொள்ளும் மரபில் அம்மலையை மிதித்து ஏறலாமா என்பது, மாமல்லபுரத்துக்கு மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருக்கழுக்குன்றத்தில் ஏட்டளவில் நின்றுவிடாமல், வருவோர் ஒவ்வொருவரும் தம் உடம்பாலேயே விடை சொல்லவேண்டிய கேள்வியாகிறது. வேதங்களே குன்றாகி நிற்பதாகத் தலபுராணம் கூறும் இவ்வேதகிரியின் உச்சிக் கோயிலுக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள் ஏறவேண்டும். ஏறாதோர்க்கு அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரர் கோயிலும், மலையைச் சுற்றிவரும் கிரிவலப் பாதையும் உள்ளன.

ஏறுவதற்குத் தயங்கிய பெரியோர் உண்டு. கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்த காரைக்கால் அம்மையாரைப் பற்றி 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடினார். ஆதிசேடனின் வடிவமான திருமலையில் இராமானுசர் முழங்காலால் ஏறினார் என்பது வைணவ மரபு. இவர்களுடைய அச்சம் மதிக்கத்தக்கதே; எனினும், மலை காலுக்குக் கீழே உள்ள பொருள் என்னும் எண்ணத்தை அதுவும் விட்டுவிடவில்லை.

வலம் வருபவர் மலையைக் காண்கிறார். உச்சியில் நிற்பவரோ ஏரிகளையும் வயல்களையும் கீழைக் கடலின் பக்கத்தையும் காண்கிறாரே தவிர, தாம் நிற்கும் மலையைக் காண்பதில்லை. இதை வழிபாட்டிலிருந்து கவனம் சிதறுவதாகக் கருதுவது எளிது. ஆனால் 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம், சுட்டியறியப்படும் பொருள், அதாவது 'இது' என்று எதிரே நிறுத்தி அறியப்படுவது, சிவமன்று என்கிறது. கண் காண்பதற்கு உயிர் உடனிருந்து காட்டுவதைப் போல, உயிர் அறிவதற்குச் சிவம் உடனிருந்து காட்டுகிறது என்பது அந்நூலின் விளக்கம். அவ்வாறாயின், தான் காட்சியில் அகப்படாமல் காட்சி முழுவதையும் தாங்கி நிற்கும் மலையே அத்தத்துவத்துக்கு நெருக்கமானது. செங்கற்பட்டுப் பகுதிக் குன்றுகளில் மழைக்காலத்தில் மலரும் செங்காந்தளைக் கண்டு மகிழ்வதும் இழுக்காகாது. ஏனெனில் உடம்பு, கருவி, உலகு, நுகர்ச்சி எனப் பொருள்படும் தனு, கரண, புவன, போகம் நான்கும் உயிர் பக்குவப்படும்பொருட்டு இறைவன் கூட்டுவித்தவை என்றும், அவற்றுக்கு மூலமான மாயை பொய்த்தோற்றமன்று, உள்பொருளே என்றும் மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்தம் கொள்கிறது.

இங்கே ஓர் இடர்ப்பாடும் உண்டு. இம்மலையிலுள்ள ஒருகல் மண்டபம் என்னும் பல்லவர் குடைவரையில் 17-ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர் தம் பெயர்களைப் பொறித்துச் சென்றுள்ளனர். அவர்கள் ஏறியது, உடலால் செய்யும் தொண்டாகிய சரியை ஆகாது. அதற்கு அன்பு வேண்டும். ஆயினும் அவர்கள் கண்ட காட்சியைக் காட்டியவன் வேறொருவன் என்று சித்தாந்தி சொல்ல இயலாது. காட்டுவோனை அறிந்தவர்க்கு மட்டுமே காட்டுதல் நிகழ்கிறது என்று மெய்கண்டார் வரையறுக்கவில்லை.