குமார்துலியில் ஒரு களிமண் உருண்டை

துர்கா பூஜைக்கு முந்தைய மாதம். கொல்கத்தா குமார்துலியின் சந்தில் ஒரு சிற்பி, வைக்கோல் கட்டிய தேவிக்குக் களிமண் பூசிக்கொண்டிருந்தார். கண், மண்குவளையில் டீ கொண்டுவரும் பையன்மேல். கட்டைவிரல் மட்டும் தேவியின் கன்னத்து மேட்டைத் தேடிப்பிடித்துத் தேய்த்தது.

லேக் மார்க்கெட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற உடற்கூற்றியல் பேராசிரியரும், மருத்துவம் படிக்கும் அவருடைய சீடனும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மேட்டைக் கண்டுபிடித்தது எது?" என்றார் குரு.

"விரல்தான் சார். ஒரு கையின் உட்புறத்தில் மட்டும் சுமார் 17,000 தொடுநரம்பு இழைகள். அழுத்தத்துக்கு ஒரு வகை, வழுக்கலுக்கு ஒரு வகை, அதிர்வுக்கு..."

"ஒப்பிக்காதே. இழை அனுப்புவது மின்துடிப்பு. துடிப்பில் ஏது மேடும் பள்ளமும்?"

அந்தத் துடிப்பு தண்டுவடத்தில் ஏறி, முகுளத்தில் பக்கம் மாறி, தலாமஸ் வழியே எதிர்ப்பக்கப் பெருமூளையின் மேற்பரப்புக்குப் போகிறது. 1937-இல் மூளை அறுவை மருத்துவர் பென்ஃபீல்ட் வெளியிட்ட மூளை வரைபடத்தில் முதுகு முழுவதற்கும் கொஞ்சம் இடம், கைக்கோ ஏராளம்.

"அப்படியானால் பத்துக்கை தேவிக்கு மண்டை போதாதே சார்!"

குரு சிரித்தார். பட்டாணி அளவு களிமண்ணை உருட்டினார். "நடுவிரலை ஆள்காட்டி விரல்மேல் ஏற்று. கண்ணை மூடு." பின்னிய இரு நுனிகளுக்கும் இடையே உருண்டையை உருட்டினார்.

"எத்தனை?"

"இரண்டு!"

கண் திறந்தால் ஒன்று. அரிஸ்டாட்டில் காலத்து வேடிக்கை இது. அந்த இரு விரல்களின் வெளிவிளிம்புகளும் ஒரே சிறு பொருளை ஒருசேரத் தொடுவது வழக்கமில்லை. மூளை பழைய கணக்கிலேயே எண்ணிவிடுகிறது.

"அப்போது தொடுவுணர்வு மூளையில்தான் இருக்கிறது" என்று சீடன் அவசரப்பட்டான்.

அதற்குச் சாட்சி தேடுவதுபோல் குரு ஒரு பழைய சோதனைக்குத் தாவினார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990-களின் தொடக்கத்தில் கையிழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டார். இல்லாத கையிலும் தொடுவதாகச் சொன்னார் அந்தக் கையிழந்தவர். மூளை வரைபடத்தில் கைக்கு அடுத்த வீடு முகம். காலியான இடத்தில் முகம் குடியேறிவிட்டது என்பது விளக்கம்.

"அதில் சந்தேகம் வந்துவிட்டதே சார். 2025-இல் வெளியான ஆய்வில், கை எடுப்பதற்கு முன்னும் பின்னும் மூன்று பேரின் மூளையைப் படமெடுத்தார்கள். ஒருவருக்கு 5 ஆண்டு கழித்தும் கையின் இடம் கையின் இடமாகவே இருந்ததாம்."

குரு கொஞ்ச நேரம் பேசவில்லை. குருவைத் திருத்துகிற சீடன் கிடைப்பது சாமானியமா?

"சரி, குடியேற்றத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் அந்தச் சிற்பியின் விரலைப் பார். கன்னத்தில் அசையாமல் வைத்திருந்தால் நுண்ணிய சொரசொரப்பு தெரியாது. நகர்த்தினால்தான் தெரியும். நகர்த்தச் சொல்வது மூளை. நகர்ந்து சேதி கொண்டுவருவது விரல். இதில் ஒன்றைப் பிரித்து, 'இங்கேதான் இருக்கிறது' என்பாயா?"

சீடன் பதில் சொல்லவில்லை.

"தொல்காப்பியம் புல்லுக்கும் மரத்துக்கும் கொடுத்த ஒரே அறிவு தொடுவுணர்வு. அதனால் எளிது என்று நினைத்துவிட்டாயாக்கும்!"

சீடன் மறுபடி விரல்களைப் பின்னிக்கொண்டு உருண்டையைத் தொட்டான். நீங்களும் ஒரு கொண்டைக்கடலையை வைத்துப் பாருங்கள். ஒன்றுதான் என்று தெரிந்த பிறகும் இரண்டாகவே படும்.