காட்ட முடியாத வலி



கால் ஒடிந்தவனைக் கண்டால் ஊரே ஓடி வந்து தாங்குகிறது. கட்டு போட்டிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. வயிற்றுக்குள் முறுக்கிப் பிடிக்கும் வலியை யார் பார்த்தது? பார்க்க முடியாத வலியை நம்ப வேண்டுமா, அல்லது சாட்சி கேட்க வேண்டுமா?

குமரி மாவட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர். விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர். நாலு வருடமாக வயிற்று வலி. சாப்பிட்டு அரை மணி நேரத்தில், ஈரத்துணியைப் பிழிவது போலக் குடலைப் பிழியும். சில நாள் மரத்தடியிலேயே சுருண்டு படுத்துவிடுவார். இரத்தம் பார்த்தாயிற்று, ஸ்கேன் எடுத்தாயிற்று, வாய்வழியே குழாய் விட்டும் பார்த்தாயிற்று. எல்லாம் 'நார்மல்'. அந்த ஒரு சொல்தான் அவருக்கு வினையாக வந்தது. டாக்டரே ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு இனி என்ன நடிப்பு என்று வீட்டிலேயே பேச்சு. வேலைக்குப் போகாத நாளில் உடம்பு வணங்காதவன் என்று ஊரில் பெயர்.

நார்மல் என்றால் வலி இல்லை என்று பொருள் அல்ல. ஸ்கேன் உறுப்பின் வடிவத்தைக் காட்டும். கட்டி, கல், வீக்கம் இருந்தால் தெரியும். குடல் தசை நினைத்த நேரத்தில் இழுத்துப் பிடிப்பதும், பிறகு விடுவதும் அதில் தெரியாது. குடலின் சுவருக்குள் மட்டும் 10 கோடிக்கும் மேல் நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிட்டால், சாதாரணமாக நகரும் சோறும் வாயுவும்கூட வலியாக உணரப்படும். புண் இல்லை, வலி உண்டு. மருத்துவத்தில் இதற்குப் பெயரும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. ஆனால் பெயர் தெரிவதற்குள் வருடங்கள் ஓடிவிடுவதுண்டு. கவலை வந்தால் வலி கூடும் என்பது உண்மை. அதனால் வலியே கற்பனை என்று ஆகிவிடாது.

இன்னும் சிலர் ஒரு படி மேலே போய், முன் செய்த பாவம் என்பார்கள். பக்தி குறைந்ததால் வந்தது என்பாரும் உண்டு. இது கொடிய பேச்சு. அகிலத்திரட்டு சொல்லும் வரலாற்றை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். 1833-ல் திருச்செந்தூருக்குப் புறப்பட்டபோது அந்தத் திருமேனியும் நோயால் நலிந்து, நடக்க முடியாத நிலையில்தான் இருந்தது. தாயார் வெயிலாளும் உற்றாரும் நோய்க்குக் காரணம் விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை. தொட்டில் கட்டிச் சுமந்தார்கள்.

நமது தாங்கல்களில் நடப்பது ஒன்று உண்டு. அன்னதர்மத்தில் ஒருவர் வாங்காமல் ஒதுங்கி இருந்தால், அய்யாவின் அன்னம் ஒன்றும் செய்யாது, சாப்பிடும் என்று கையைப் பிடித்து வற்புறுத்துகிறோம். அன்பினால்தான். அந்தத் தொழிலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுக்க முடியாமல் இலை நிறைய உண்டார். அன்று இரவு முழுவதும் தரையில் உருண்டார். அடுத்த மாதம் தாங்கலுக்கே வரவில்லை. வந்தால் உண்ண வேண்டும், உண்ணாவிட்டால் பக்தி இல்லாதவன். இப்படி ஒருவனைத் தர்மத்தாலேயே துரத்திவிட முடியும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

நம்புவது என்றால் சும்மா தலையாட்டுவதும் அல்ல. உடல் மெலிந்துகொண்டே போனால், மலத்தில் இரத்தம் கண்டால், காய்ச்சல் விடாமல் இருந்தால், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி என்றால், முன்பு நார்மல் என்று சொன்ன சீட்டை நம்பிக் கிடக்கக் கூடாது. மறுபடியும் மருத்துவரிடம் போக வேண்டும். துணைக்கு ஒருவர் கூடப் போவது நல்லது. வலிக்காரன் தனியாகப் போனால் பாதியைச் சொல்ல மறந்துவிடுவான். எந்த நேரத்தில் வலித்தது, முன்னே என்ன சாப்பிட்டார் என்று ஒரு நோட்டில் குறித்துக் கொண்டுபோனால் மருத்துவருக்கு அது பல பரிசோதனைகளைவிட உதவும்.

திருநாமம் இட்டுப் பதம் குடிக்கிறவர்கள் குடிக்கட்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அந்தத் தாங்கலில் மூன்று மாதம் கழித்துப் பணிவிடை செய்யும் பெரியவர் அவர் வீட்டுக்கே போனார். "சாப்பிட வேண்டாம், உச்சிப்படிப்புக்கு வந்து இரும்" என்றார். இப்போது சுவரோரம் அவருக்கு ஒரு பாய் போட்டிருக்கிறது. வலி வந்தால் அதிலே படுத்துக்கொள்கிறார். படிப்பு நடந்துகொண்டிருக்கும்.