கணக்கும் கருணையும்

பால்மரம் சீவுதல் எளிய தொழிலன்று. கத்தியின் ஆழம் குறைந்தால் பால் குன்றும். சற்றே மிகுந்தால் பட்டையைக் கடந்து மரத்தில் காயம்படும். கோலசிலாங்கூர், ஜெராம், புக்கிட் ரோத்தான், இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில், செம்பனை பரவுமுன், நம் முன்னோர் விடியுமுன் பெரட்டுக்கு நின்று இத்தொழிலைச் செய்தனர். கைதேர்ந்தவர் கத்தியும் சில வேளை தவறும். மேற்பார்வையாளர் காயங்களை எண்ணிக் குற்றம் கூறலாம். எண்ணுவதனால் காயம் ஆறுவதில்லை.

சமயச் சட்டத்தின் இயல்பும் இத்தகையதே என்பது பவுலின் கருத்து. ரோமருக்கு எழுதிய நிருபத்தில் அவர் கட்டளையைப் பழிக்கவில்லை. அது தூயது, நல்லது என்றே ஒப்புகிறார். எனினும், நன்மையை விரும்பும் மனிதனே தீமையைச் செய்துவிடும் அவலத்தைக் கண்டு கலங்குகிறார். சட்டம் குற்றத்தை உணர்த்தும்; அதினின்று விடுவிக்கும் ஆற்றல் அதற்கில்லை. அவ்வாற்றல் இறையருளுக்கே உண்டு என்பது அவர் முடிபு.

இங்கே ஓர் ஐயம் எழுகின்றது. மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்டத்து உவமையில், விடியலில் வந்தவனுக்கும் பொழுது சாயும் வேளையில் வந்தவனுக்கும் உரிமையாளர் ஒரே கூலியை அளிக்கிறார். முன்வந்தோர் முறுமுறுக்கின்றனர். தோட்டத்துத் தமிழர்க்கு அம்முறுமுறுப்பு அயலானதன்று. நாள் முழுதும் வெயிலில் உழைத்தவன், "இது நீதியா?" என வினவுதல் இயல்பே. கூர்ந்து நோக்கின் விடை புலப்படும். பேசிய கூலியில் எவர்க்கும் ஒரு காசும் குறையவில்லை. வேலை கிடையாமல் சந்தைவெளியில் நின்றவனுக்கும் வயிறு உண்டு. அதனை உரிமையாளர் நினைந்தார். ஆகவே, அருள் நீதிக்கு மேலே வருவது. நீதிக்கு மாற்றாக வருவதன்று. உரிய கூலியைக் குறைத்துவிட்டு, இறைவன் அருளை நம்புமாறு ஏழைக்கு உபதேசிப்போர் இவ்வுவமையைத் திரிப்போரே ஆவர்.

அருள் உண்டெனில் ஒழுக்கம் எதற்கு என்பாரும் உளர். இவ்வாதத்தைப் பவுலே எழுப்பி மறுத்துள்ளார். வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியனின் நூலைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை 1894இல் நமக்கு அளித்தார். 1678இல் வெளிவந்த பனியனின் மூலக் கதையில், பயணி முதுகில் சுமையோடு புறப்படுகிறான். சட்டத்தின் இல்லத்தை நாடிச் செல்கையில் மலை கவிழ்வதுபோல் அச்சுறுத்துகிறது. சுமையோ மேலும் கனக்கிறது. சிலுவையின்முன் அது தானே கழன்று விழுகிறது. ஆயினும் பயணம் அங்கே முடியவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. இன்னும் நெடுவழி நடக்கவே அவன் சுமை நீங்கிற்று. அச்சத்தால் நடந்தவன் இனி நன்றியால் நடக்கிறான்.

மாணவன் ஏட்டில் பிழையைச் சிவப்பு மையால் சுட்டுதல் ஆசிரியர் கடன். அவன் அருகமர்ந்து கைப்பிடித்து எழுதுவித்தலோ அன்பின் செயல். முன்னதின்றிப் பின்னது வழிதவறும். பின்னதின்றி முன்னது மனத்தை முறிக்கும். தன் காயத்தை அறிந்தவன் பிறர் காயங்களை எண்ணிக்கொண்டிரான்.