எறியாத பந்தும் புதைத்த தாலந்தும்



ஞாயிற்றுக்கிழமை திவ்விய பூசை முடிந்ததும் நம் வாலிபர்கள் கோயில் வாசலில் கூட்டங்கூட்டமாய் நின்று பேசிக்கொண்டிருப்பது நீங்கள் அறிந்ததே. பனிமூட்டம் மலையை மூடியிருந்தாலும் அவர்கள் பேச்சில் மட்டும் சூடு குறைவதில்லை. பெரும்பாலும் விளையாட்டைப் பற்றிய பேச்சுத்தான். "அவனுக்குக் கை இருக்கிறது, மனசு இல்லை. பந்து கைக்கு வந்தால் எறியவே மாட்டான். அவனை வெளியே உட்கார வைக்கவேண்டும்" என்பான் ஒருவன். "கொஞ்சம் பொறு, பையன் தேறிவிடுவான்" என்பான் இன்னொருவன். பேச்சு முற்றிச் சில சமயம் கோபத்திலும் முடிகிறது.

இது வீண்பேச்சு, இதற்கும் ஆத்துமத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பெரியவர்கள் நினைக்கலாம். நன்றாய் யோசித்துப் பாருங்கள். திறமை இருந்தும் துணிவில்லாத ஒருவனை என்ன செய்வது என்ற இந்தக் கேள்வி நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறது. நமது ஆண்டவர் இதைப் பற்றி ஓர் உவமையே சொல்லியிருக்கிறார். அப்போஸ்தலர்களுக்குள்ளும் இதே வாக்குவாதம் நடந்திருக்கிறது.

முதலில் வாலிபர் பேசும் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். கூடைப்பந்து ஆட்டம் 1891-ம் வருஷம் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில் உண்டாயிற்று. அதை உண்டாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் வேதசாஸ்திரம் படித்துத் தேறியவர். பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் கட்டிவிட்டு, அவற்றில் பந்தைப் போடும்படி மாணவர்களுக்குச் சொன்னார். இன்றைக்கும் வளையத்தின் உயரம் அதே பத்தடிதான். நமது நாட்டில் அந்த ஆட்டம் பரவுவதற்கு ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தாரும், ஹாரி குரோ பக் என்பவர் 1920-ம் வருஷம் சென்னையில் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரியும் பெரிதும் உதவினார்கள்.

பென் சிம்மன்ஸ் என்ற ஆட்டக்காரரை நம் பிள்ளைகளில் பலர் அறிவார்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், ஆறடி பத்தங்குல உயரம். 2015-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஒரு வருஷம் ஆடினார். ஓடுவதிலும், பந்தைப் பிடிப்பதிலும், தோழருக்குச் சமயம் பார்த்துக் கொடுப்பதிலும் அவருக்கு ஈடு சிலரே. ஆனால் அந்த வருஷம் முழுவதும், 33 ஆட்டங்களில், தூரத்துக் கோட்டிற்கு அப்பாலிருந்து அவர் எறிந்த பந்துகள் மூன்றே மூன்று. அதில் ஒன்று விழுந்தது. அன்றே ரசிகர்களுக்குள் தர்க்கம் ஆரம்பமாயிற்று. இவ்வளவு வரம் பெற்றவர் ஏன் எறிவதில்லை என்று ஒரு கட்சி. எறிந்துதான் ஆகவேண்டுமா, மற்றதெல்லாம் போதாதா என்று மறு கட்சி.

2016-ல் தொழில்முறை ஆட்டத்துக்கு முதல் ஆளாய்த் தேர்ந்தெடுக்கப்பட்டு பிலடெல்பியா அணியில் சேர்ந்தார். 2018-ல் புதிய ஆட்டக்காரருக்குரிய பரிசையும் பெற்றார். 2019 நவம்பர் 20-ல் முதல் தடவையாகத் தூரத்திலிருந்து ஒரு பந்தை எறிந்து வளையத்தில் விழச் செய்தபோது, அந்த ஊர் ஜனங்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள்.

2021 ஜூன் 20-ந் தேதி அட்லாண்டா அணியுடன் தீர்மான ஆட்டம். முடிய மூன்றரை நிமிஷம் இருக்கையில் சிம்மன்ஸ் வளையத்தின் அடியிலேயே நின்றார். கையில் பந்து. எதிரில் நின்றவரோ அவரைவிட மிகக் குள்ளமானவர். எழும்பிப் போட்டிருக்கலாம். அவரோ பந்தைப் பக்கத்திலிருந்த தோழருக்குத் தள்ளிவிட்டார். 103-க்கு 96 என்ற கணக்கில் அவருடைய அணி தோற்றது. அந்த வருஷத்துப் பிந்திய சுற்று ஆட்டங்களில், எவரும் மறிக்காமல் தனியே நின்று எறியும் ஃப்ரீ த்ரோ 73-ல் 25 மட்டுமே அவர் போட்டிருந்தார். அன்றிரவே குற்றச்சாட்டுகள் குவிந்தன. எழுந்து நின்று கைதட்டிய அதே ஊரார் அவரை ஏசினார்கள். அடுத்த ஆட்ட வருஷம் அவர் ஒரு நாளும் களத்தில் இறங்கவில்லை. தம் மனம் சுகமாயில்லை என்றார். 2022 பிப்ரவரியில் வேறு அணிக்கு மாற்றப்பட்டார்.

பிரியமானவர்களே, இந்த மனிதரைத் தீர்ப்பிட நாம் இங்கே கூடவில்லை. அதிலுள்ள பாடத்தைப் பார்ப்போம்.

பந்தைத் தோழருக்குக் கொடுப்பது குற்றமா? இல்லவே இல்லை. 1997 ஜூன் 13-ந் தேதி சிகாகோவில் நடந்த இறுதிப் போட்டியில், இரு கட்சியும் 86 புள்ளியில் சமமாய் நிற்கையில், அந்நாளில் எல்லாரிலும் பெரிய ஆட்டக்காரரான மைக்கேல் ஜோர்டன் தாமே எறியாமல் ஸ்டீவ் கெர் என்பவருக்குப் பந்தைக் கொடுத்தார். கெர் எறிந்தார், வெற்றி கிடைத்தது. ஜோர்டனை எவரும் கோழை என்று சொல்லவில்லை. எதிரிகள் தம்மைச் சூழ்ந்திருக்க, கெர் மறிப்பாரின்றி நிற்பதை அவர் கண்டார். வெளிக்கு இரண்டும் ஒரே செய்கை. பிறனுக்கு நன்மையாகுமென்று கொடுப்பது அன்பு. தன்மேல் பழி வராதிருக்கும்படி கொடுப்பது அச்சம்.

நாமும் நமது அச்சத்துக்குத் தாழ்ச்சி என்று பெயர் வைத்துவிடுகிறோம். "நமக்கெதற்கு சுவாமி, பெரியவர்கள் செய்யட்டும்" என்கிறோம். வாசகம் வாசிக்க நல்ல குரலுள்ளவன் தூணுக்குப் பின்னால் ஒளிகிறான். லைன் வீட்டில் பிறந்து நல்ல மார்க்கு வாங்கிய பெண் கல்லூரி விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யாமல் பெட்டியில் வைத்துவிடுகிறாள். கணக்குவழக்கு நன்றாய்த் தெரிந்தவர் சங்கத்துக் கணக்கைத் தொடமாட்டேன் என்கிறார். அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் என்னும் மகா சாஸ்திரி, கடவுள் கொடுத்த சக்திக்குத் தக்க காரியத்தைச் செய்யாமல் பின்வாங்குகிற உள்ளச் சிறுமை பாவமே என்று போதிக்கிறார். அதற்குச் சாட்சியாக அவர் காட்டுகிறவன் யார் தெரியுமா? தாலந்தைப் புதைத்த ஊழியன்.

அந்த உவமையை அர்ச். மத்தேயு தம் சுவிசேஷத்தின் 25-ம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். எஜமான் ஒருவர் பிரயாணம் போகையில் ஒருவனுக்கு ஐந்து தாலந்தும், ஒருவனுக்கு இரண்டும், ஒருவனுக்கு ஒன்றும் கொடுத்தார். ஒன்றுதானே என்று இலேசாய் எண்ணாதீர்கள். அக்காலத்தில் ஒரு தாலந்து என்றால், கூலியாள் ஒருவன் ஏறக்குறைய இருபது வருஷம் உழைத்துச் சம்பாதிக்கும் பணம். கடவுள் எவனுக்கும் அற்பமாய்க் கொடுக்கிறதில்லை.

முதல் இருவரும் வியாபாரம் செய்து இரட்டித்தார்கள். மூன்றாமவன் மண்ணைத் தோண்டிப் புதைத்தான். அவன் திருடவில்லை, குடித்து அழிக்கவில்லை. வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்தான். ஆனாலும் எஜமான் அவனைத் தள்ளிவிட்டார். இந்த உவமையில், வியாபாரம் செய்து நஷ்டப்பட்டுத் தண்டனை பெற்ற ஊழியன் என்று ஒருவனும் இல்லை. தண்டனை பெற்றவன் முயலாதவன் ஒருவனே. எறிந்து தவறிய பந்துக்கு ஆண்டவர் கணக்குக் கேட்கிறதில்லை. எறியாமல் வைத்துக்கொண்ட பந்துக்கே கணக்குக் கேட்கிறார்.

அவன் ஏன் புதைத்தான்? காரணத்தை அவன் வாயாலேயே சொல்லுகிறான். எஜமான் கடின மனதுள்ளவர், விதைக்காத இடத்தில் அறுக்கிறவர் என்று அவன் எண்ணியிருந்தான், ஆகையால் பயந்தான். இருபது வருஷக் கூலியை நம்பிக் கொடுத்த எஜமானை அவன் கொடியவன் என்று நினைத்தான். அந்தத் தவறான எண்ணமே அவன் கையைக் கட்டிப்போட்டது.

பிதாமாதாக்களே, இங்கேதான் உங்கள் மனச்சாட்சியைத் தொட்டுப் பார்க்கவேண்டும். கடவுளைப் பற்றிய முதல் எண்ணத்தைப் பிள்ளை உங்களைப் பார்த்தே கற்றுக்கொள்கிறது. தொண்ணூறு மார்க்கு வாங்கி வந்த பிள்ளையிடம் பாக்கிப் பத்து எங்கே என்று கேட்கிறோம். பாட்டுப்போட்டியில் தடுமாறினவனை விருந்தாளிகள் முன் சொல்லிச் சிரிக்கிறோம். பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட்டுக் குத்துகிறோம். பிறகு, "இவனுக்குத் திறமை இருக்கிறது, துணிச்சல்தான் இல்லை" என்று நாமே அங்கலாய்க்கிறோம். அந்தத் துணிச்சலைப் பறித்தது யார்? விளையாட்டு ரசிகனாவது தூரத்திலிருந்து ஏசுகிறான். நாமோ ஒரே கூரையின் கீழிருந்து ஏசுகிறோம்.

அப்படியானால் தயங்குகிறவனுக்கு வேண்டியது என்ன? அப்போஸ்தலர் காலத்து நிகழ்ச்சி ஒன்றைக் கேளுங்கள். அர்ச். சின்னப்பரும் அர்ச். பர்னபாவும் முதல் வேதபோதகப் பிரயாணம் போகையில் மாற்கு என்ற வாலிபனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பம்பிலியா நாட்டுப் பெர்கே பட்டணம் சேர்ந்ததும், அந்த வாலிபன் அவர்களை விட்டு ஜெருசலேமுக்குத் திரும்பிவிட்டான். மறுபடி பிரயாணம் புறப்படும்போது அவனை அழைத்துப் போகலாம் என்றார் பர்னபா. பாதி வழியில் விட்டுப் போனவன் வேண்டாம் என்றார் சின்னப்பர். இருவருக்கும் தர்க்கம் முற்றி ஒருவரையொருவர் பிரிந்தே போனார்கள். கோயில் வாசலில் நம் வாலிபர் செய்கிற வாக்குவாதந்தான் இது!

சின்னப்பர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வேலை பெரிது, ஆபத்து மிகுதி. ஆனால் பர்னபா என்ற பெயருக்கே ஆறுதலின் மகன் என்று அர்த்தம். ஒரு காலத்தில் சின்னப்பரையே மற்றவர்கள் நம்பாமல் ஒதுங்கினபோது, அவரைக் கைபிடித்து அப்போஸ்தலரிடம் அழைத்துப் போனவர் இதே பர்னபாதான். அவர் மாற்குவைத் திட்டவுமில்லை, பொய்யாய்ப் புகழவுமில்லை. தம்மோடு கப்பலேற்றி சைப்பிரஸ் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மறுபடியும் வேலை கொடுத்தார், பக்கத்திலேயே இருந்தார். அவ்வளவுதான்.

பலன் என்ன? பல வருஷம் சென்றபின், சிறையிலிருந்த சின்னப்பர் தாமே திமோத்தேயுவுக்கு எழுதுகையில், மாற்குவை அழைத்து வரும்படியும் அவர் தமக்கு உதவியாயிருப்பார் என்றும் எழுதுகிறார். அந்த வாலிபனே இன்று நாம் வணங்கும் சுவிசேஷகர் அர்ச். மாற்கு என்பது திருச்சபையின் பாரம்பரியம். நான்கு சுவிசேஷங்களில் முந்தி எழுதப்பட்டது அவருடையதே என்று வேத அறிஞர் பெரும்பாலோர் கருதுகிறார்கள். அன்று பர்னபா அவரைக் கைவிட்டிருந்தால் நமக்கு எவ்வளவு நஷ்டம்!

கொழுந்து பறிக்கும் தாய்மாரே, இது உங்களுக்குத் தெரியாத காரியமல்ல. முதல் வாரம் வேலைக்கு வந்த பெண்ணுக்குக் கை ஓடாது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாய்க் கிள்ளத் தெரியாமல் முற்றின இலையையும் சேர்த்துப் பறிப்பாள். பழகினவள் ஒருத்தி பக்கத்து வரிசையில் நின்று, "பயப்படாதே, என் கையைப் பார்" என்றால் சீக்கிரம் தேறிவிடுவாள். பயந்து பறிக்காமலே விட்டாலோ, சில நாளில் கொழுந்து முற்றி உதவாமற் போகும். திறமையும் அப்படியே. உரிய காலத்தில் கை வைக்கவேண்டும். கை வைக்கும் வரையில் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும்.

வாலிபரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நெஞ்சு படபடப்பது பாவமல்ல. ஜெத்சமெனித் தோட்டத்தில் நமது ஆண்டவர் தாமே கலங்கினார், இரத்த வேர்வை வேர்த்தார். அந்தப் பாத்திரம் தம்மை விட்டு நீங்கவேண்டுமென்று பிதாவிடம் கேட்டார். ஆனால் ஜெபித்து எழுந்து, தம்மைப் பிடிக்க வந்தவர்களுக்கு எதிரே நடந்தார். கண்டல் சிலுவைத் திருத்தலத்தில் முழந்தாளிட்டு நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பயம் தீர்ந்த பிறகு செய்வோம் என்று காத்திருப்பவன் ஒருநாளும் செய்யமாட்டான். கூடைப்பந்தில் பந்து கைக்கு வந்தால் இருபத்துநான்கு விநாடிக்குள் எறியவேண்டும் என்று சட்டம். நமக்குக் கடவுள் கொடுத்த காலம் அதைவிட நீளமானாலும், அதற்கும் ஒரு முடிவு உண்டு.

ஆகையால் இந்த வாரத்துக்கு இரண்டு காரியங்களைக் கடைப்பிடிப்போமாக. முதலாவது, வீட்டிலோ வேலையிலோ கோயிலிலோ, பயத்தினால் தள்ளிவைத்த ஒரு நல்ல காரியத்தை, தவறினாலும் தவறட்டும் என்று ஆரம்பியுங்கள். இரண்டாவது, உங்களுக்குத் தெரிந்த தயங்கும் ஆத்துமம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அவனைப் பற்றிப் பிறரோடு பேசுவதை விட்டுவிட்டு, அவனோடு பேசுங்கள். ஒரு சிறு வேலையை அவனை நம்பிக் கொடுங்கள். அவன் தவறும்போது சிரிக்காமல் பக்கத்தில் நில்லுங்கள்.

நம்மை நம்பித் தம் பொருளை ஒப்படைத்த நல்ல எஜமான் திரும்பி வருவார். அவர் கடினமானவரல்ல என்பதை நம் பிள்ளைகள் நம்மிடத்தில் கண்டு அறியும்படி, இஸ்பிரீத்துசாந்துவின் வரங்களில் ஒன்றாகிய திடத்தை அவர் நம் குடும்பங்களுக்குத் தந்தருள்வாராக. ஆமென்.