ஒரு கண்ணை நம்பி வாழ்பவரிடம்

ஈர வகை மாக்குலா (விழித்திரையின் மையப் பகுதி) சிதைவுக்குக் கண்ணுக்குள் போடும் ஊசி, முதுமையில் பார்வையிழப்பதைத் தடுக்க இந்த நூற்றாண்டில் கிடைத்த பெரும் நன்மை. விழித்திரைக்கு அடியில் முளைத்துக் கசியும் ரத்தக் குழாய்களை அது அடக்குகிறது. 2006இல் வெளியான, ரானிபிசுமாப் என்ற ஊசி மருந்தின் ஆய்வில், ஊசி போட்டுக்கொண்டவர்களில் சுமார் 95 விழுக்காட்டினருக்கு ஓராண்டில் பெரிய பார்வையிழப்பு நேரவில்லை. போலி ஊசி பெற்றவர்களில் 62 விழுக்காட்டினர்தான் அப்படித் தப்பினர். இதை மறைத்துவிட்டு ஆபத்தை மட்டும் பேசுவது அநியாயம். ஆனால் 2019 அக்டோபரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற, இதே நோய்க்கான புரோலுசிசுமாப் என்ற ஊசி மருந்தைப் பற்றி, 2020 பிப்ரவரியிலேயே அந்நாட்டு விழித்திரை நிபுணர்கள் எச்சரிக்க வேண்டியதாயிற்று. அந்த மருந்து செலுத்தப்பட்ட 1,088 கண்களின் ஆய்வுப் பதிவுகளை மறுபடி அலசியபோது, 3.3 விழுக்காட்டில் விழித்திரை ரத்தக் குழாய் அழற்சியும், 2.1 விழுக்காட்டில் அதோடு அடைப்பும் தெரியவந்தன.

பினாங்கு லிட்டில் இந்தியாவிலிருந்து பொது மருத்துவமனைக்குப் போகும் முதியவரிடம் இத்தகைய ஆபத்தைச் சொல்ல வேண்டுமா? மலேசியச் சட்டம் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஃபூ ஃபியோ நா வழக்கில், ஆபத்தை எடுத்துச் சொல்லும் கடமையை மற்ற மருத்துவர்களின் வழக்கத்தை மட்டும் வைத்து அளக்கலாகாது என்றது. அது பின்பற்றிய 1992ஆம் ஆண்டு ஆஸ்திரேலியத் தீர்ப்பு ஒரு கண் வழக்கு. ஏற்கெனவே ஒரு கண்ணில் பார்வை குன்றிய பெண், அந்தக் கண்ணில் செய்த அறுவைக்குப் பின் நல்ல கண்ணின் பார்வையையும் இழந்தார். அந்த ஆபத்து 14,000இல் ஒன்று. அரிது என்பது ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது வரும் கணக்கு. ஒரே கண்ணை நம்பி வாழ்பவர் தம் இழப்பை வேறு தராசில்தான் நிறுப்பார்.

சொன்னால் பயந்து ஊசியையே விட்டுவிடுவார்கள் என்பது வலுவான மறுப்பு. விட்டவர்களுக்கு என்ன நேரும் என்பதும் தெரிந்ததே. ஆனாலும் அந்தப் பயத்துக்கு மருந்து மௌனம் அல்ல. ஊசி போடாவிட்டால் வரும் கேட்டையும் போட்டால் வரக்கூடிய கேட்டையும் ஒரே மூச்சில் சொல்வதுதான். மௌனத்துக்கு வேறொரு விலையும் உண்டு. கண் சிவந்து வலித்தாலோ, பார்வை திடீரென மங்கினாலோ, புதிதாகப் புள்ளிகள் மிதந்தாலோ, விவரம் அறிந்தவர் அன்றே ஓடிவருவார். அறியாதவர் அடுத்த ஊசித் தேதிவரை பொறுத்துக்கொள்வார்; அழற்சி இருக்கும் கண்ணில் மறுபடி அதே மருந்து ஏறக்கூடும்.

நம் வீடுகளில் மகனோ மகளோ கேட்டு முடிவெடுப்பார்கள், முதியவரை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்றும் சொல்வார்கள். எல்லாம் தெரிந்த பிறகு, "நீயே பார்த்துச் செய்யப்பா" என்று அவர் ஒப்படைத்தால் அது அவருடைய உரிமை. ஆனால் கண்ணின் மங்கலை முதலில் உணரப்போவது மகன் அல்ல. ஆகவே எச்சரிக்கை அவர் காதுக்கே, அவருக்குப் புரியும் தமிழில் போய்ச் சேர வேண்டும். கூட வந்த பேரப்பிள்ளையின் அவசர மொழிபெயர்ப்பு அதற்குப் போதாது. கூட்டம் நிறைந்த கிளினிக்கில் மருத்துவருக்கு நேரமில்லை என்பது உண்மைதான். தமிழ் அறிந்த தாதியும் பெரிய எழுத்தில் ஒரு பக்கத் தாளும் அந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கும். மருந்தை மாற்றும்போது மறுபடி சொல்ல வேண்டும். 2020இல் நடந்ததுபோல எச்சரிக்கை பிந்தி வந்தால், ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டவர்களை அழைத்துச் சொல்வதும் மருத்துவமனையின் பொறுப்பே.