பிள்ளையின் உடம்பைத் துறக்க நமக்கு உரிமையில்லை

அண்ணாமலையார் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில், தரைக்குக் கீழே பாதாள லிங்கம் இருக்கிறது. 1896-ல் மதுரையை விட்டு வந்த 16 வயது வேங்கடராமன் அங்கேதான் தன்னை மறந்து உட்கார்ந்திருந்தார். பூச்சிகள் தொடையை அரித்துச் சீழும் ரத்தமும் வடிந்தன, அவருக்குத் தெரியவில்லை. பின்னாளில் ரமண மகரிஷியான அவரது இந்தக் கதையை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும்.

செவிலியராக வேலை பார்த்த காலத்தில் 'உடம்பு பொய்' என்கிற இந்த வேதாந்தம் வேறு விதமாகவும் என் காதில் விழுந்திருக்கிறது. தாயின் மடியில் சிரங்கு பிடித்த குழந்தை. விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் பொடிக் கொப்புளங்கள். ராத்திரியெல்லாம் சொறிந்து தொப்புளைச் சுற்றிப் புண். "முன்வினைம்மா, அனுபவிச்சுத்தான் தீரணும்" என்பார் கூட வந்த பாட்டி. பௌர்ணமி தவறாமல் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர். அவர் பக்தியில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பேச்சைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மகரிஷி மறந்தது தன் உடம்பை. அந்தப் புண்ணைப் பார்த்தவர்கள் 'உடம்பு பொய்' என்று விட்டுவிடவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்கள். பின்னாளில் அவர் இடக்கையில் கட்டி வந்தபோது 1949-ல் நான்கு முறை அறுவை நடந்தது. மருத்துவர்களிடம் அவர் கையைக் கொடுத்தார். தன் உடம்பை ஒருவர் துறக்கலாம். பிறர் உடம்பை, அதுவும் பேசத் தெரியாத பிள்ளையின் உடம்பைத் துறக்க யாருக்கும் உரிமை இல்லை.

குழந்தையின் தோல் வயதோடு மாறிக்கொண்டே போவது. கைக்குழந்தையின் கன்னத்தில் தொடங்கும் கரப்பான், இரண்டு வயதுக்கு மேல் முழங்கை, முழங்கால் மடிப்புக்கு இறங்கும். வளர வளரப் பலருக்கு அடங்கிவிடும். பாலுண்ணி பெரும்பாலும் மாதக்கணக்கில் இருந்து தானே உதிரும். அதற்காகச் சாமிக்கு உப்பும் மிளகும் நேர்ந்துகொள்ளும் தாயை நான் தடுத்ததில்லை. அந்த வேண்டுதல் அவளுக்குக் காத்திருக்கும் பொறுமையைத் தருகிறது.

சிரங்கு அப்படிக் காத்திருந்தால் போகாது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள் துளைத்து முட்டையிட்டு, ஒரே பாயில் படுக்கிற எல்லோருக்கும் பரவும். மருத்துவர் சொன்னபடி வீட்டில் அத்தனை பேரும் ஒரே ராத்திரியில் மருந்து தடவி, துணிகளைக் கொதிநீரில் அலசி வெயிலில் போட்டு, வாரம் கழித்து மறுபடி தடவினால் தீரும். ஒரு மருந்துக் குப்பியில் தீருகிற நோய்க்குப் பிள்ளையின் முற்பிறவியை ஏன் இழுக்க வேண்டும்?

பெரியம்மையையும் ஒரு காலத்தில் அனுபவித்தே தீரவேண்டும் என்றார்கள். தடுப்பூசியால் 1975-க்குப் பிறகு அது இந்தியாவில் இல்லை. மாரியம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றுவது நிற்கவில்லை. அவள் மகிமையும் குறையவில்லை.

தானே போவது எது, போகாதது எது என்று பிரித்தறிவதும் இறைவன் கொடுத்த அறிவுதான். அடுத்த பௌர்ணமிக்கு முன் பிள்ளையை நல்ல வெளிச்சத்தில் நிறுத்தி உடம்பு முழுக்கப் பாருங்கள். இரவில் அரிப்பு இருந்தாலோ, தொட்டால் உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் தெரிந்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். தொழுநோயே ஆனாலும் மாத்திரை இலவசம், முழுதாகக் குணமாகும். மருந்தை வாங்கிக் கொடுத்துவிட்டு மலை சுற்ற வாருங்கள்.